சென்னையின்: ஒரு வேற்றுமை உருபும் ஒரு கழக வரலாறும்

2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் என்னும் காற்பந்துப் போட்டி தொடங்கியபோது நம் நகருக்கெனத் தோற்றுவிக்கப்பெற்ற கழகம் 'சென்னையின் எஃப்சி' எனப் பெயர் பூண்டது. உடன்தோன்றிய கழகங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி, எஃப்சி கோவா எனத் தத்தம் இடப்பெயரை உருபின்றியே தாங்கி நின்றன. இஃது ஒன்றே உருபேற்ற தமிழ்ச்சொல்லைப் பெயராகக் கொண்டது. ஆடுகளச் செய்தி ஆராய்ச்சி ஏட்டிற்கு ஏலாது என எண்ணுவார் உளராயின், இச்சொல்லின் ஈற்றில் நிற்கும் 'இன்' அவர்தம் ஐயத்தை நீக்கும்.

ஆறாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் ஓதிய உருபு 'அது' என்பதாம். 'இன்' ஐந்தாவதற்கு உரியது, சாரியையாகவும் வரும். 'சென்னையின் கடற்கரை' என்று இன்று நாம் வழங்குமிடத்து, 'அது' மறைந்தொழியச் சாரியையே உருபின் கடமையை ஏற்றுக்கொண்டது எனக் கொள்ளலாம். ஆறாம் வேற்றுமை பெயர் கொண்டு முடிவது. உடைமைப் பொருள் பின்வந்தாலன்றிச் சொற்றொடர் நிரம்பாது. ஈண்டுப் பின்வருவனவோ இரண்டு ஆங்கில எழுத்துக்களின் ஒலி. ஆதலின் 'சென்னையின் யாது?' என்னும் வினா இப்பெயருடன் பிறந்ததாகும். உரையாசிரியர் கிழமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பகுப்பர். ஒருவனுடைய கை முன்னதற்கும், அவனுடைய ஆடை பின்னதற்கும் சான்றாம். இக்கழகம் சென்னைக்குக் கையோ, ஆடையோ என்பதே நாம் ஆராயப் புகுவது.

தோற்றத்தை மட்டும் நோக்கின், ஆடை என்று கூறுதலும் அரிது. உரிமையாளராய் நின்றோர் இந்தித் திரைநடிகர் அபிஷேக் பச்சன், கிரிக்கெட் வீரர் தோனி, வீட்டா டானி ஆகியோர். ஊர் கூடித் தோற்றுவித்த கழகமன்று இது. உரிமம் பெற்றோர் ஊரின் பெயரை எடுத்து அணிந்துகொண்ட கழகம். இதனைப் பழைய சென்னைக் கழகங்களோடு ஒப்பிட வேற்றுமை விளங்கும். ஐரோப்பியர் தம் கிரிக்கெட் கழகத்தில் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாமையின், மயிலாப்பூர் இலஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். பின்னர் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்பும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பும் ஒன்றற்கொன்று எதிரிகளாய் வளர்ந்தன. இரண்டு கோயில்களுக்கும் இரண்டு தெப்பக்குளங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே அப்பகையின் பரப்பு; நடந்தே சென்று ஏசிவிட்டு நடந்தே திரும்பலாம். அவற்றின் பெயர்களில் உருபு இல்லை, வேண்டியதும் இல்லை. மயிலாப்பூர்க் கழகம் எனின் மயிலாப்பூரே அது. தற்கிழமை உள்ளவிடத்து அதனைச் சொல்லிக் காட்ட வேண்டுவதில்லை போலும்.

புதிய கழகத்திற்கு அத்தகைய அண்டை வீட்டார் இலர். பெரியமேட்டு ஜவஹர்லால் நேரு அரங்கிற்கு அடையாற்றிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் செல்வோர் கூவத்தைக் கடந்து செல்வர். ஆயின் கூவத்தின் வடகரைக்கும் தென்கரைக்கும் இக்கழகத்தின்பொருட்டுப் பூசல் இல்லை. பகை வெளியிலிருந்தே வந்தது. 2014 திசம்பரில் அரையிறுதியின் முதற்போட்டியில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் 3-0 என வென்றது. மூன்று நாள் கழித்துச் சென்னையில் நம் கழகம் உரிய நேரத்துக்குள் மூன்று கோல்களையும் திருப்பியடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில், 117ஆம் நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோல் கேரளத்தை இறுதிக்கு அனுப்பிற்று. தோன்றிச் சில திங்களே ஆன கழகத்திற்கு அன்றுதான் வரலாறு தொடங்கியது என்பது நம் கருத்து. ஆறாத ஒரு தோல்வி இல்லாத கழகத்தை எவரும் தமதென்று கொள்வதில்லை.

இப்பகையைச் சேரர்க்கும் தமிழகத்துப் பிறர்க்கும் நிகழ்ந்த பழம்போரின் தொடர்ச்சியாகக் காணும் ஆசை எளிதில் எழும். சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என அடையாளப் பூக்கள் இருந்தமைபோல் இவர்க்கும் நிறங்கள் உள்ளன என்று எழுதிவிடலாம். அவ்வாறு எழுதுதல் பிழை. சென்னை அமைந்த தொண்டைநாடு மூவேந்தருள் எவர்க்கும் தாய்நிலமன்று. நிறமும் அவ்வளவு நேராக நிற்பதன்று. கேரளத்தார் மஞ்சள் உடுத்துவர். சென்னைக் கழகம் நீலம் உடுத்தும். ஆயின் சேப்பாக்கத்தில் கோடைதோறும் சென்னை மக்கள் தம் கிரிக்கெட் அணிக்காக உடுத்துவதும் மஞ்சளே. அம்மஞ்சளுக்குத் தலைமை தாங்கிய தோனியே இந்நீலத்தின் உரிமையாளருள் ஒருவராய் இருந்தார். தம் நகரின் கோடை நிறத்தை எதிரியின் உடலில் கண்டு கூச்சலிட வேண்டிய நிலை இரசிகர்க்கு நேர்ந்தமை வரலாற்றின் நகைச்சுவை எனலாம்.

சொற்களே இதனினும் தெளிவான சான்று. கேரள இரசிகர் தம்மை 'மஞ்சப்படா' என்பர். மஞ்சட்படை என்பது பொருள். சென்னைக் கழகத்தின் செல்லப்பெயரோ 'மெரினா மச்சான்ஸ்'; அதன் இரசிகர் குழு ஒன்றின் பெயர் 'சூப்பர் மச்சான்ஸ்'. ('மச்சான்மார்' என்னும் நற்பன்மை இருக்க ஆங்கில விகுதியை ஒட்டியது நமக்கு உடன்பாடன்று.) ஒருவர் படையென்று கூற, மற்றவர் உறவென்று கூறுகின்றனர். மச்சான் என்பான் பெண் கொடுக்கவும் கொள்ளவும் உரியவன். ஆதலின் கேலி செய்யும் உரிமையும் உடையவன். உடன்பிறந்தானை ஏசினால் பகை. மச்சானை ஏசினால் முறை. மலையாள வழக்கிலும் இச்சொல் உண்டாகலின் எதிரியையும் இவ்வுறவுக்குள் அடக்கிவிடலாம். இறக்குமதியான ஒரு போட்டிக்குள் நம் மக்கள் நுழைத்த தமிழ்ப்பொருள் இதுவே என்போம். கொச்சி அரங்கின் கூட்டம் பெரிது. 2015இலும் 2018இலும் கோப்பை கொண்டது சென்னை. 'உங்களிடம் கோப்பை எங்கே?' என ஒருவரும், 'உங்களிடம் ஆட்கள் எங்கே?' என மற்றவரும் வினவும் பூசலுக்குப் போர்க்களத்தைவிடத் திருமணப் பந்தலே பொருத்தமான இடம்.

கழகத்தின் சின்னத்தையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். கண்ணேறு கழிக்கும் அரக்கமுகத்தைத் தழுவி அமைந்தது அது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் கட்டி முடியாத மாடிவீடுகளின் முகப்பில் பூசணிக்காயில் எழுதித் தொங்கவிடப்பெறும் முகம் அது. பழைய வீட்டிற்கு எவரும் அதனைக் கட்டார். வரலாறின்மையை மறைக்காமல் புதுமையையே சின்னமாக்கிய வகையில் இத்தேர்வு நேர்மையுடையது.

ஆயினும் ஆடை கையாகத் தொடங்கியது 2015இல் எனலாம். அவ்வாண்டுத் திசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீருள் நின்றன. புள்ளிப்பட்டியலின் அடியிற் கிடந்து, தொடர்ந்து வென்று அரையிறுதிக்கு ஏறியிருந்த கழகத்திற்குத் தன் ஊரில் ஆட இடமில்லை. திசம்பர் 12 அன்று 'சொந்தக்கள' அரையிறுதி புனே நகரில் நடைபெற்றது. கொல்கத்தாவை 3-0 என வென்றது. திசம்பர் 20 அன்று கோவாவில் நிகழ்ந்த இறுதியில் 90ஆம் நிமிடம் வரை 1-2 எனப் பின்தங்கியிருந்து, எதிரணிக் காவலரின் கைபட்டுப் புகுந்த ஒரு கோலாலும், அடுத்துச் சிறிது நேரத்தில் மெண்டோசா அடித்த கோலாலும் கோப்பையைக் கொண்டது. சேறு வழித்துக்கொண்டிருந்த வீடுகளில் மின்சாரம் வந்தவர் தொலைக்காட்சியில் கண்டனர். வீடிழந்தோரின் கழகமும் வீடிழந்து ஆடியது. இதனை எந்த விளம்பரக்காரரும் திட்டமிட்டிருக்க இயலாது.

இவ்விடத்து 'இன்' உருபின் மற்றொரு பொருள் நினைவிற்கு வருகின்றது. ஐந்தாம் வேற்றுமையாகக் கொள்ளின் அது நீக்கப்பொருளையும் தரும்: சென்னையின் நீங்கியது. 2018 மார்ச்சில் இரண்டாம் கோப்பை பெங்களூரில், பெங்களூரு அணியின் களத்திலேயே, 3-2 என வெல்லப்பெற்றது. 2019இல் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பைக்கான 'சொந்தக்கள'ப் போட்டிகள் அகமதாபாத்தில் நிகழ்ந்தன. கொள்ளைநோய்க் காலத்து இரண்டு பருவங்கள் முழுமையும் கோவாவில் கழிந்தன. வென்ற இரண்டு கோப்பைகளுள் ஒன்றேனும் சென்னை மண்ணில் வெல்லப்பெறவில்லை. இலக்கணம் இரண்டு பொருளையும் ஒரே வடிவில் அடக்கியது தற்செயலே. ஆயினும் இக்கழகத்திற்கு அஃது ஒத்திருக்கின்றது.

நகரின் பெயருக்கு உரிமை கோரியது இக்கழகம் ஒன்று மட்டுமன்று. சென்னை சிட்டி எஃப்சி 2016-17ஆம் பருவத்தில் ஐ-லீகிற்குள் வந்து, மறுபருவமே கோயம்புத்தூருக்குச் சென்றது. பெயரில் சென்னையும் களத்தில் கொங்குநாடுமாக நின்று, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று அவ்வாண்டு ஐ-லீக் பட்டம் பெற்றது. இரண்டாம் இடத்து ஈஸ்ட் பெங்காலினும் ஒரே புள்ளி மிகுதி. கோயம்புத்தூர் மக்கள் 'சென்னை' என்று முழங்கினர். உருபில்லாத பெயர் தற்கிழமை என மேலே கூறிய நம் விதிக்கு இக்கழகம் விலக்காக நிற்பதை மறைத்தல் கூடாது. மயிலாப்பூரின் பெயரை எவரும் வேறூருக்குத் தூக்கிச் செல்லவில்லை. சென்னையின் பெயரைத் தூக்கிச் செல்ல முடிந்தது.

உறையூரை நலங்கிள்ளி முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்த காலத்தில் கோவூர்கிழார் பாடிய புறப்பாட்டைக் கற்றோர் அறிவர். இருவரும் சூடியது ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று புலவர் இருவரையும் நாணச் செய்தார். 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையின் அரையிறுதிக்கு நான்கு கழகங்கள் எஞ்சியபோது அவற்றுள் இரண்டு சென்னையின் பெயருடையன. சென்னையின் எஃப்சி கொல்கத்தாவை 2-0 என வென்றது. அதற்கு முந்தைய நாள் சென்னை சிட்டி கோவாவிடம் 0-3 எனத் தோற்றிருந்தது. அத்தோல்வி நேராதிருப்பின், ஒரு நகரின் பெயரைச் சூடிய இரு கழகங்கள் அந்நகர்க்கு வெளியே, கலிங்கநாட்டில், ஒரு கோப்பைக்காக எதிர்நின்றிருக்கும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எவர் பக்கம் நின்றிருப்பர் என்று கூற நமக்கு வழியில்லை. 2020-21ஆம் பருவத்திற்குப் பின் ஐ-லீகில் சென்னை சிட்டி ஆடவில்லை.