முகமறியா வரி விசாரணை

ஆவூர்க் கிராமமும் அடங்கியிருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு 1878-இல் சேஷையா சாஸ்திரியார் திவானாக வந்தபோது, நெற்களமே வரிக் கச்சேரியாகவும் இருந்தது. அமானி முறையில் விளைச்சலைச் சர்க்காரும் குடியானவனும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தமையால், அறுப்பு முதல் அளப்பு வரை சிப்பந்திகள் காவல் நின்றார்கள்; நின்றவர்களின் தயவே பல சமயங்களில் வரியின் அளவாயிற்று. அம்முறையை ஒழித்து ரொக்கத் தீர்வையை ஏற்படுத்தியது சாஸ்திரியாருடைய பெரிய சாதனைகளுள் ஒன்று.

வாங்குபவரும் கொடுப்பவரும் நேருக்கு நேர் நிற்கும் இடத்திலேயே ஊழல் முளைக்கிறது என்ற அதே எண்ணத்தின்மேல்தான், 2019 அக்டோபரில் நம் வருமானவரி இலாகா முகமறியா மதிப்பீட்டை ஆரம்பித்தது. யாருடைய கணக்கை எவ்வூர் அதிகாரி ஆராய்வது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. கடிதங்கள் யாவும் டெல்லியிலுள்ள தேசிய மையத்தின் வழியாகவே வருகின்றன. இதைக் காட்டிலும் நான் உயர்வாக மதிப்பது, இலாகாவின் ஒவ்வொரு கடிதத்துக்கும் கணினி தரும் அடையாள எண் இருக்க வேண்டும் என்று அதே மாதம் முதல் அமலான விதியை. விலக்கான சில சந்தர்ப்பங்கள் நீங்கலாக, எண்ணில்லாத கடிதம் அனுப்பப்படாத கடிதமாகவே கருதப்படும் என்றதனால், பதிவேட்டில் ஏறாத ஒரு நோட்டீஸைக் காட்டி மிரட்டிவிட்டுப் பிறகு மறைத்துவிடும் வழி அடைபட்டது.

ஆனால் இயந்திரத்துக்குத் தவறு வந்தால் யாரிடம் சொல்வது? தாக்கீது அனுப்பப்படாத பழைய பாக்கிகளைக் கணினி தானாகவே புதிய ரீபண்டுகளில் கழித்துக்கொண்டதை, 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு கண்டிக்க நேர்ந்தது. முகமறியா முறையிலும், பதில் சொல்ல அவகாசமும் நேர் விசாரணையும் தராமல் பிறப்பிக்கப்பட்ட பல உத்தரவுகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், கேட்பவருக்குக் காணொலி விசாரணையை மறுக்கலாகாது என்று விதித்தது நல்லதே. அதே திருத்தம், முறை தவறிய மதிப்பீடு செல்லாது என்றிருந்த பிரிவை முன்தேதியிட்டு நீக்கிவிட்டது. இதை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள இயலவில்லை.

திருச்சியில் உழைத்து ஓய்வுபெற்று ஆவூருக்குத் திரும்பிய ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். பாங்கி அவருடைய வைப்புத்தொகை வட்டியில் வரியைப் பிடித்துவிட்டு, பான் எண்ணில் ஓர் எழுத்தைப் பிழையாகப் பதிந்துவிடுகிறது; பிடித்த வரி அவர் கணக்கில் ஏறவில்லை. பாக்கி கேட்டு வரும் ஆங்கிலக் கடிதமோ, கணக்குத் தாக்கல் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரரின் மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்கிறது. ஏனெனில் அன்று பதிவு செய்தது கடைக்காரரின் முகவரி, கைபேசி எண்ணும் அவருடையதே. கெடு கடந்த பின்னரே விஷயம் பெரியவர் காதுக்கு எட்டுகிறது. லஞ்சம் கேட்பவர் ஒருவருமில்லை என்பது வாஸ்தவம். அவர் சொல்வதைக் கேட்பவரும் ஒருவருமில்லை.

இதற்காகப் பழைய கச்சேரி வாசலுக்கே திரும்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. மதிப்பிடும் அதிகாரி முகமறியாதவராகவே இருக்கட்டும். பிழையைத் திருத்தும் அதிகாரிக்கு ஒரு பெயரும் ஒரு நாற்காலியும் இருக்க வேண்டும். புதுக்கோட்டையிலாவது திருச்சியிலாவது, தமிழில் எழுதிய மனுவை வாங்கிப் பார்த்துக் கணக்கைத் திருத்தித் தரும் அதிகாரமுள்ள ஒருவரை இலாகா உட்கார வைக்கட்டும்.