மெழுகுதிரி ஆசிரியர்களும் உம்முத் தர்தாவின் உடையும்

எமது சிறுகதைகளில் வரும் நல்லாசிரியர் ஏன் எப்போதும் நோயாளியாகவே இருக்கிறார்? இருமிக்கொண்டே பாடம் நடத்துவார். பகல் சாப்பாட்டை ஏழை மாணவனுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். கடைசிப் பந்தியில் மௌத்தாகிவிடுவார். டொக்டராகிவிட்ட பழைய மாணவன் ஒருவன் ஜனாஸாவுக்கு வந்து கண்ணீர் வடிப்பான். 2004 சுனாமிக்குப் பின் நான் படித்த கதைகள் சிலவற்றில் இதே மனிதர் நிவாரணத் தொண்டராக வந்து, முகாமில் மூன்று நாள் உறங்காமல் நின்றார். ஆள் மாறினாரே தவிர வார்ப்பு மாறவில்லை.

இந்த வார்ப்புக்குத் துணை நிற்பது, தன்னை உருக்கி ஒளி கொடுக்கும் மெழுகுதிரி என்ற உவமை. ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தின மேடைகளில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். மேடைக்கு அது அழகுதான். பாத்திரவார்ப்புக்கு அதையே இலக்கணமாக்கியதில்தான் எனக்கு முரண்பாடு. மெழுகுதிரிக்குப் பசியில்லை, மனைவி மக்கள் இல்லை, நாளைக்காலை எழும்பி எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்க வேண்டியதுமில்லை.

இந்தப் பார்வை எமது மார்க்கம் தந்ததுமல்ல. ஸஹீஹுல் புகாரியில் வரும் ஸல்மான் (ரழி), அபூ தர்தா (ரழி) சம்பவத்தை வாசகர்கள் அறிவர். அதைக் கதைசொல்லியின் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்த இருவர். ஸல்மான் வீட்டுக்கு வருகிறார். அவர் கண்ணில் முதலில் படுவது அபூ தர்தாவின் வணக்கமல்ல; அவருடைய மனைவி உம்முத் தர்தாவின் பேணப்படாத உடை. ஏனென்று கேட்கிறார். தம் கணவருக்கு இவ்வுலகில் எந்தத் தேவையும் இல்லை என்ற கருத்தில் அவர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலுக்குள் எத்தனை இரவுகள்! பிறகு ஸல்மான், நஃபில் நோன்பிலிருந்த சகோதரரைத் தம்முடன் உண்ணவைக்கிறார். இரவில் தொழ எழுந்தவரை உறங்கச் சொல்கிறார். இரவின் கடைசிப் பகுதியில் தாமே எழுப்பி, இருவருமாகத் தொழுகிறார்கள். ரப்புக்கும், தன் ஆத்மாவுக்கும், குடும்பத்துக்கும் உள்ள ஹக்குகளைத் தனித்தனியே கொடுக்கவேண்டும் என்கிறார். அவர் சொன்னது உண்மையே என்று நபியவர்கள் அங்கீகரித்தார்கள். வணக்கத்துக்கே இதுதான் அளவுகோல் என்றால், வகுப்பறைக்கும் நிவாரண முகாமுக்கும் வேறொன்று எங்கிருந்து வந்தது?

எமது கதைகளில் ஆசிரியரின் மனைவி பிளேன்ரீயுடன் வந்து, கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருடைய உடையைப் பார்க்க ஒரு ஸல்மான் இல்லை.

சேவையில் தேய்ந்த மனிதனை உள்ளபடி எழுதியவர் அன்டன் செக்கோவ். அவரே வைத்தியர். 1892இல் கொலரா அச்சம் பரவியபோது சம்பளமின்றி 25 கிராமங்களைப் பொறுப்பேற்றவர். தம் காசநோயைப் பல வருடங்கள் கவனியாது விட்டு 1904இல், 44 வயதில் மறைந்தவர். 1897இல் வெளிவந்த அவரது ‘வான்யா மாமா’ நாடகத்தில் அஸ்த்ரோவ் என்றொரு கிராமத்து டொக்டர் வருகிறார். ஓய்வுநாள் ஒன்றில்லை. இரவில் போர்வைக்குள் கிடந்தும், யாரும் நோயாளியைப் பார்க்க அழைத்துவிடுவார்களோ என்ற பயம். உணர்ச்சிகள் மரத்துப்போயின என்று அவரே சொல்கிறார். குளோரோபோம் கொடுத்த பின் மேசையிலேயே இறந்துபோன புகையிரதத் தொழிலாளி ஒருவனின் நினைவு அவரை விடுவதாயில்லை. குடிக்கிறார். நண்பரொருவருக்கு இந்நாடகத்தைப் படிக்கக் கொடுத்தேன். “குடிகாரனைப் போய் உதாரணம் காட்டுறீங்களே சேர்” என்று திருப்பித் தந்தார். ஓய்வை மறுக்கும் மனிதன் எங்கே ஒதுங்குவான் என்பதை மறைக்காததுதான் செக்கோவின் நேர்மை.

ஆனால் நாடகத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் அதுவல்ல. வான்யாவின் வீட்டில் அஸ்த்ரோவுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. களைத்து மூளை மழுங்கும்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு அங்கே ஓடிவருவார். வான்யாவும் சோனியாவும் மணிச்சட்டத்தில் கணக்குப் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து அப்பிரதேசக் காடுகளின் வரைபடத்துக்கு வர்ணம் தீட்டுவார். கதகதப்பு, அமைதி, ஒரு சில்வண்டின் சத்தம். ஆனால் இந்த இன்பத்தை மாதம் ஒருமுறைதான் தமக்கு அனுமதிப்பதாகச் சொல்கிறார். மாதம் ஒருமுறை என்ற அந்தக் கஞ்சத்தனத்தில் அந்த மனிதனின் வாழ்க்கை முழுவதும் தெரிகிறது.

இப்படி எழுதினால் சோம்பேறிகளுக்கு நான் சாட்டு எடுத்துக் கொடுக்கிறேன் என்பார்கள். பதினொரு மணிக்கே பஸ்ஸுக்குக் குடை விரிப்பவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் எமது கதைகளில் வில்லன்களாக ஏற்கெனவே தாராளமாக வருகிறார்கள். கதையில் இடம் கிடைக்காதவர், முப்பது வருடம் ஒழுங்காகப் படிப்பித்து, அஸர் தொழுதபின் நாலு பேரோடு கடற்கரை மணலில் கச்சான் கொறித்தோ, பள்ளிவாசல் முன்றலில் பகிடி விட்டோ சிரித்திருந்துவிட்டு, மறுநாள் மீண்டும் வகுப்புக்குப் போகும் ஆசிரியர்தான். அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் எழுதி யாராவது இச்சஞ்சிகைக்கு அனுப்பினால், “இதில் கதை எங்கே?” என்று கேட்டு ஆசிரியர் குழு திருப்பி அனுப்பிவிடும் என்பதே என் சந்தேகம்.