சுடரில் நைட்ரஜனைத் தேடிய வழிகள்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதால் எளிதில் எதனோடும் சேராது. ஆனால் எஞ்சினிலும் கொதிகலனிலும் எரியும் சுடரில் அந்தப் பிணைப்பு அறுந்து, நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. அமில மழைக்கும் நகரங்களின் ஓசோன் மாசுக்கும் அது வித்து. நைட்ரஜன் இப்படி மாறும் வழியில் என்எச், என்எச்2, சிஎன், என்சிஓ, என்சிஎன் போன்ற தனி உறுப்புகள் (ரேடிக்கல்கள்) தோன்றித் தோன்றி மறைகின்றன. குப்பியில் அடைத்து வைக்க முடியாத இவற்றைச் சுடர் எரியும்போதே லேசரால் அளக்கும் கலை ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வளர்ந்த மரபு. அதில் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வலிமையும் தனிக் குறையும் உண்டு.

முன்னோர்

லேசருக்கு முன் சுடர் தானாக உமிழும் ஒளியே சான்றாக இருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கேடன் போன்றோர் அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படித்தார்கள். 388 நானோமீட்டர் அருகே சிஎன், 336 அருகே என்எச் என்று ஒவ்வொன்றின் இருப்பிடமும் பதிவாயிற்று. அம்மோனியாச் சுடரின் ஆரஞ்சு நிறத்தில் என்எச்2-க்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கிளர்ச்சியுற்ற சில மூலக்கூறுகளே ஒளி உமிழ்கின்றன. அடிநிலையில் இருக்கும் பெருங்கூட்டம் இருளிலேயே இருக்கிறது. எது இருக்கிறது என்று அந்த வழி சொன்னது; எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அதனால் முடியவில்லை.

ஒளிர்வு வழி

லேசரின் அலைநீளத்தை வேண்டிய தனி உறுப்புக்குச் சரியாகப் பொருத்தினால், அது ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியுற்று, மீண்டும் ஒளிரும். கற்றையின் சிறு பகுதியிலிருந்து மட்டும் அந்த ஒளியைச் சேகரிக்கலாம். ஆகவே சுடரின் இன்ன உயரத்தில் இவ்வளவு என்று புள்ளி புள்ளியாகச் சொல்ல முடிகிறது. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் இவ்வழியின் முக்கியக் களம். அங்கே கோப்லண்ட், கிராஸ்லி, ஸ்மித் மூவரும் 1984-இலேயே வளிமண்டல அழுத்தச் சுடரில் என்சிஓ, என்எச்2 இரண்டின் ஒளிர்வையும் ஆராய்ந்தார்கள்.

இவ்வழியின் பெரும் சோதனை தணிப்பு. கிளர்ச்சியுற்ற மூலக்கூறு ஒளிரும் முன்பே பக்கத்து மூலக்கூறுகளில் மோதி ஆற்றலை இழந்துவிடுகிறது. எத்தனை விழுக்காடு இழந்தது என்று தெரியாமல் ஒளியை எண்ணிக்கையாக்க இயலாது. அதனால்தான் வளிமண்டலத்தின் இருபதில் ஒரு பங்கு போன்ற தாழ் அழுத்தத்தில் சுடரை எரிக்கிறார்கள். மோதல் குறைகிறது, ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த வினைப் பகுதி பல மில்லிமீட்டருக்கு விரிந்து, லேசர் கற்றைக்கு இடம் தருகிறது.

உட்கவர் வழி

ஒளி எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து செறிவைக் கணக்கிடுவது இன்னொரு வழி. தணிப்பு இதைத் தொடாது. ஆனால் மிகச் சிறு அளவுகளைப் பிடிக்கச் சுடருக்குள் ஒளி ஒருமுறை போனால் போதாது. 1988-இல் ஓகீஃப், டீக்கன் இருவரும் அறிவித்த முறையில், மிக உயர்ந்த எதிரொளிப்புள்ள இரண்டு ஆடிகளுக்கிடையே லேசர் துடிப்பு ஆயிரக்கணக்கான முறை போய்வருகிறது. அது மங்கும் வேகமே அளவு. டெல் அவிவில் செஸ்கிஸ் குழு லேசரின் ஆடிகளுக்கிடையிலேயே சுடரை வைத்து என்எச்2, எச்என்ஓ ஆகியவற்றை ஆராய்ந்தது. இவ்வழியின் குறை, கற்றை கடந்த பாதை முழுவதற்குமான சராசரியையே தருவது. சுடரின் குளிர்ந்த ஓரமும் அந்தக் கணக்கில் கலந்துவிடும்.

வழிகள் கூடிய இடம்

இந்த மரபின் சிறந்த அறுவடை என்சிஎன். 1971-இல் ஃபெனிமோர், ஹைட்ரோகார்பன் சுடரின் தொடக்கத்திலேயே நைட்ரிக் ஆக்சைடு பிறப்பதைக் கண்டு, சிஎச் தனி உறுப்பு நைட்ரஜனைத் தாக்கி எச்சிஎன் மூலக்கூறையும் நைட்ரஜன் அணுவையும் தருகிறது என்றார். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி விதிப்படி அந்தப் பாதை தடைப்பட்டது. ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுடர்க் கணினி மாதிரிகளில் அதுவே நின்றது. 2000-இல் மொஸ்கலேவாவும் லின்னும் குவாண்டம் கணக்கீட்டால் என்சிஎன்னும் ஹைட்ரஜன் அணுவுமே விளைபொருள்கள் என்றார்கள்.

கணக்கீடு சொன்னதைச் சுடர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2003-இல் எஸ்ஆர்ஐ-யின் ஸ்மித், 329 நானோமீட்டர் அருகே ஒளிர்வைத் தூண்டிச் சுடரில் என்சிஎன் இருப்பதற்குச் சான்று தந்தார். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹேன்சன் குழு, சுடரே இல்லாத அதிர்ச்சி அலைக் குழாயில் சிஎச்–நைட்ரஜன் வினையை மட்டும் தனியே பிரித்து அதன் வேகத்தை அளந்தது. 2008-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் சட்டன், வில்லியம்ஸ், ஃபிளெமிங் ஆகியோர் என்சிஎன் அளவு சிஎச் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். 2010-இல் பிரான்சின் லீல் குழு ஒளிர்வால் சுடரின் உயரவாரி வடிவத்தை வரைந்து, ஆடிகளுக்கிடையே மங்கும் ஒளியால் அந்த வடிவத்துக்கு எண் கொடுத்தது. ஒரு வழியின் குறையை மற்றொரு வழி நிறைத்தது.

தரம்

நல்ல அளவீடு எது என்பதற்கு இம்மரபு சில விதிகளை உருவாக்கியிருக்கிறது. தட்டையான, நிலையான சுடரைத் தரும் எரிப்பான் வேண்டும். வேறோர் ஊரிலும் அதே சுடர் எரிய வேண்டும். வெப்பநிலையைத் தனியே அளந்திருக்க வேண்டும், ஏனெனில் லேசர் தொடுவது ஒரு சுழற்சி நிலையில் உள்ள மூலக்கூறுகளை மட்டுமே. மொத்தத்தை அறிய வெப்பநிலை தேவை. கருவியின் உணர்திறனை, அளவு தெரிந்த ஒன்றைக் கொண்டு சரிபார்த்திருக்க வேண்டும். எண்ணோடு அதன் பிழை எல்லையையும் எழுத வேண்டும். கடைசியாக, தொடர்பில்லாத வேறொரு முறையும் அதே விடையைத் தர வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த எண்ணை மாதிரியாளர் நம்பி எடுக்க முடியாது.

இன்று கார்பன் இல்லாத எரிபொருளாக அம்மோனியாவை எரிக்க உலகம் முனைகிறது. அதில் நைட்ரஜன் காற்றிலிருந்து மட்டுமல்ல, எரிபொருளிலிருந்தே வருகிறது. அதனால் என்எச்2-வும் என்எச்சும் வினையின் நடுவிடத்துக்கு வந்துவிட்டன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு 2016-இல் வளிமண்டல அழுத்த அம்மோனியா–காற்றுச் சுடரில் என்எச், ஓஎச், நைட்ரிக் ஆக்சைடு மூன்றையும் லேசரால் அளந்து மாதிரிகளோடு ஒப்பிட்டது. இத்துறைக்கு வரும் இளைஞர்கள் தங்கள் ஆய்வகத்தின் வழியை ஆழமாகக் கற்கட்டும். அதோடு, தங்கள் வழி எங்கே தவறும் என்பதையும் அதே ஆழத்தில் கற்கட்டும். ஃபெனிமோரின் வினையைத் திருத்த முப்பது ஆண்டுகள் ஆயின. அம்மோனியாக் கொதிகலன்களும் கப்பல் எஞ்சின்களும் இப்போதே வடிவமைக்கப்படுகின்றன. அவ்வளவு காலம் காத்திருக்க நமக்கு நேரமில்லை.