சங்கரின் மயானம்

அம்புலிமாமா சங்கர் 2020 செப்டம்பரில், 96 வயதில் இறந்தார். மறுவருஷம் பத்மஸ்ரீ வந்தது. நம் சிறுபத்திரிகைகளில் என் கண்ணில் பட்டவரை ஒரு பக்கம்கூட இல்லை. குழந்தைகளுக்குப் படம் போட்டவர். அதோடு தீர்ந்தது விஷயம்.

காரத்தொழுவில் 1924இல் பிறந்த கே.சி. சிவசங்கரன், சென்னை ஓவியப் பள்ளியில் ராய்சௌத்ரியிடம் பயின்றவர். கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் பயின்றவரே. பணிக்கர் 1966இல் சோழமண்டலத்தை உண்டாக்கினார். சங்கரோ கலைமகளிலிருந்து 1950களின் துவக்கத்தில் அம்புலிமாமாவுக்குப் போய், ஏறக்குறைய அறுபது வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். முன்னவரைப் பற்றிப் பேச நமக்குப் பாஷை இருக்கிறது. பின்னவரைப் பற்றிப் பேச ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது. அதை ரசனை என்று சொல்லிக்கொள்கிறோம்.

வேதாளக் கதையின் முகப்புப் படத்தை எடுத்துக்கொள்வோம். உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் மயானம். கதை மாதாமாதம் மாறும், அரசன் மாறமாட்டான். கதையில் பிணம் பேசுகிறது, வாதாடுகிறது, ஜெயிக்கிறது. படத்தில் அது வெறும் பாரம். புதிரை விடுவித்த மறுகணமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கப்போகிறது என்பதைப் படம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சிறுவயதில் என்னைப் பயமுறுத்தியவை எலும்புக்கூடுகள் அல்ல, அந்த முகத்தின் நிதானம்தான். (பாங்க் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு அது இன்னும் நன்றாகப் புரிகிறது.)

குறைகளும் உண்டு. அவருடைய ராஜகுமாரிகளை ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தியாக மாற்றி வைத்தாலும் தெரியாது. சித்ராவின் ராட்சதர்கள் ஓடுவார்கள். சங்கரின் மனிதர்கள் நிற்பார்கள். அவருடைய அரண்மனைகளும் எந்த ஊரையும் சேர்ந்தவையல்ல. காரணம் சோம்பல் அல்ல என்றே படுகிறது. ஒரே படம் பன்னிரண்டுக்கு மேற்பட்ட பாஷைகளின் பதிப்புகளில் அச்சாக வேண்டும். எந்தக் குழந்தைக்கும் அந்நியமாகிவிடக்கூடாது. அதற்கு அவர் கொடுத்த விலை இது. எங்களூர்ப் பனையை அந்தப் படங்களில் பார்த்த நினைவு எனக்கில்லை.

இதெல்லாம் பால்யத்தின் ஏக்கம் என்கிறார் நண்பர் ஒருவர். இருக்கலாம். ஆனால் பணிக்கரின் பெயரையே கேட்டிராத பனமரத்துப்பட்டியில், என் வயதுக்கு மேற்பட்டவர்களில் அந்தப் பிணத்தைத் தெரியாதவர்கள் கொஞ்சம்பேர்தான்.