அக்கம்பக்கம் அறிந்து நடுதல்

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். மலையடிவாரத்து ஊரான உலு யாம் வரை ரப்பரும் செம்பனையும் ஒற்றைப் பயிராக நிலத்தை நிறைத்த காலத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் கொல்லைகளில் நம் பெண்கள் வேறொரு கலையை வளர்த்தார்கள். கையகல இடத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், பயத்தங்காய், மரவள்ளி எல்லாம் கலந்து நிற்கும். மேலோட்டமாகப் பார்த்தால் புதர். எதன் பக்கத்தில் எது நிற்கிறது என்று பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும்.

சோளத்தோடு பயத்தங்காயைப் பாருங்கள். சோளத்தட்டை கொடிக்குக் கொம்பாகிறது. கொடியின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக்கித் தருகிறது. காலடியில் பூசணி படர்ந்துவிட்டால் அதன் அகன்ற இலைகள் களையை அடக்கும். மலையடிவாரத்துச் சாயங்கால மழை மண்ணை அரிக்காமல் அவை தாங்கும். வட அமெரிக்கப் பழங்குடியினர் ‘மூன்று சகோதரிகள்’ என்று போற்றும் கூட்டும் இதே அமைப்புதான். தேர்ந்த கை, காய்ப்பு முடிந்த கொடியைப் பிடுங்காது, வேரை மண்ணில் விட்டுத் தண்டை அடியில் அறுத்துவிடும். வேர் மக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பங்கு அடுத்த பயிருக்குச் சேரும்.

செண்டுமல்லியின் திறமை இன்னும் நுட்பமானது. அதன் வேரில் உள்ள நச்சுப்பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை ஒடுக்கும். கத்தரிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு செடி வைப்பதைவிட, பாத்தி முழுக்க முதலில் செண்டுமல்லி வளர்த்து, பிறகு அங்கே கத்தரி நடுவது பலமடங்கு நல்லது. தக்காளிக்கோ அது வேறு வேலை செய்கிறது. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிப் பூவைத் தேடிப்போய் முட்டையிடும். பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி பரிந்துரைக்கிறது: நடும்போது தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது, செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள். இரண்டும் ஒரே சமயம் பூக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு. இடத்தோடு காலத்தையும் பொருத்தும் இந்த நேர்த்தி என்னை மிகவும் கவர்கிறது.

இன்று செம்பனைத் தோட்டங்களே ஓரங்களில் டர்னெரா செடியை நடுகின்றன. காலையில் விரிந்து நண்பகலில் கூம்பும் பூக்களுடைய அந்தச் செடியின் தேனை உண்டு வாழும் சிறு குளவிகள், செம்பனை ஓலையை அரிக்கும் பைப்புழுவை அழிக்கின்றன. ஒற்றைப் பயிரால் பெயர்பெற்ற தோட்டத்துக்கும் துணைச்செடி வேண்டியிருக்கிறது. கொல்லைப்புறத்துக் கலவையில் எத்தனை அறிவு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கொல்லை சிறியது என்று தயங்காதீர்கள். கத்தரிக்கு முன் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். சோளத்தில் பயத்தங்காயை ஏற்றுங்கள். அத்தகைய குளவிகளுக்குத் தேன் கிடைக்க, கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். பூச்சிமருந்துக் குப்பியை வாங்குவதற்கு முன், செடிக்கு நல்ல துணையைத் தேடிக் கொடுங்கள்.