பாக்கியவானின் வீட்டுக்கு வெளியே

சங்கீதப் புத்தகம் எபிரேயத்தில் 'அஷ்ரே' என்ற சொல்லோடு தொடங்குகிறது. எவ்வளவு பேறு பெற்றவன் என்று ஒருவரைப் பார்த்து வியக்கும் சொல் அது. அடுத்த சொல்லுக்கு 'ஆண்' என்று பொருள். 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு அவனைப் 'பாக்கியவான்' என்றது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'நற்பேறு பெற்றவர்' என்று மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் விகுதியை மாற்றினால் வீடு மாறிவிடுமா?

127, 128ஆம் சங்கீதங்களைப் பாருங்கள். பாக்கியவானின் வீடு அங்கே விரிவாகக் காட்டப்படுகிறது. அவனுடைய மகன்கள் அம்புகள். மனைவி வீட்டின் உட்புறத்தில் கனிதரும் திராட்சைக்கொடி. பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகள். நம் தேவாலயங்களில் திருமணந்தோறும் வாசிக்கப்படும் பகுதி இது. இதில் அவள் பாக்கியம் பெற்றவள் அல்ல; அவன் பெற்ற பாக்கியங்களின் பட்டியலில் ஒன்று. 150 சங்கீதங்களில் ஓரிடத்திலும் 'அஷ்ரே' ஒரு பெண்ணைத் தனியே சுட்டவில்லை.

பெண்ணின் மகிழ்ச்சி வெளிப்படையாகப் பேசப்படும் இடம் 113ஆம் சங்கீதத்தின் முடிவு. பிள்ளையற்றவள் அங்கே பிள்ளைகளின் தாயாகி மகிழ்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அந்த வசனம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. தந்தவர்கள் அன்பாகத்தான் தந்தார்கள். ஆனால் அந்த அன்புக்குள், உன் மகிழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை என்ற தீர்ப்பும் இருந்தது. புத்திர பாக்கியம், மாங்கல்ய பாக்கியம் என்று தமிழ் அடுக்கிவைத்திருக்கும் சொற்களோடு வசனம் எளிதாகச் சேர்ந்துகொள்கிறது. விதவைக்கும் மணமாகாதவளுக்கும் இந்தக் கூட்டணி என்ன சொல்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாக்கியத்தின் மிகக் கொடிய முகம் 137ஆம் சங்கீதத்தில் உள்ளது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களின் அழுகையாகத் தொடங்கும் பாடல், எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவனைப் பாக்கியவான் என்று சொல்லி முடிகிறது. அதே 'அஷ்ரே'தான். ஒடுக்கப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கும் தாய்மார் இருந்தார்கள். பெண்ணாக வாசிக்கும்போது இந்தப் பாக்கியத்துக்கு ஆமென் சொல்ல முடியாது.

பிறகு ஏன் இதை இன்னும் வாசிக்கிறோம்? சங்கீதங்களில் இன்னொரு குரலும் இருப்பதால். பாக்கியவான் படர்க்கையில் நிற்கிறான். யாரோ ஒருவர் வெளியிலிருந்து அவனைப் பார்த்துச் சொல்கிறார். புலம்புகிறவரோ 'நான்' என்று பேசுகிறார். எபிரேயத்தில் தன்மை வினைமுற்றுக்கு ஆண், பெண் பேதம் இல்லை. தமிழிலும் இல்லை. அழுதேன், காத்திருந்தேன், பாடுவேன் என்பவற்றை யார் வாயில் வைத்தாலும் பொருந்தும். தலைப்பில் தாவீதின் பெயர் இருந்தாலும், வாசிக்கிறவள் அந்த 'நானு'க்குள் யாரிடமும் அனுமதி கேட்காமல் நுழைந்துவிடலாம்.

13ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்டுத் தொடங்குகிறது, பாட்டில் முடிகிறது. இடையில் எதிரி வீழ்ந்ததாகவோ நோய் தீர்ந்ததாகவோ ஒரு செய்தியும் இல்லை. பிள்ளை பிறக்கவில்லை, வீடு நிறையவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த குரலுக்குப் பாடவும் முடிகிறது, அவ்வளவுதான். இந்த மகிழ்ச்சி பரிசாக வந்ததல்ல, சொத்தும் அல்ல. முறையிடும் உரிமையிலிருந்து பிறந்தது.

இதையே ஒரு கட்டளையாக்கி, துன்பத்திலும் துதித்துக்கொண்டிரு என்று அடிவாங்கும் மனைவியிடம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 88ஆம் சங்கீதம் பதில் தருகிறது. அது முறையிடுகிறது, இருளில் முடிகிறது. கடைசியில் துதி இல்லை. ஆனாலும் தொகுத்தவர்கள் அதை நீக்கவில்லை, ஆறுதலாக ஒரு வரியை ஒட்டவைக்கவும் இல்லை. பாட முடியாதவளின் ஜெபமும் ஜெபம்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆகவே பாக்கியத்தையும் மகிழ்ச்சியையும் பிரித்து வாசிக்கலாம் என்கிறேன். முன்னது நிலமும் மனைவியும் மகன்களும் உள்ள குடும்பத் தலைவனை அளக்கும் அளவுகோல். அதில் நம்மை அளந்து குறைவுபட வேண்டியதில்லை. பின்னது எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு குரல். இன்று அது பாடலாம், நாளை மறுக்கலாம். இரண்டுக்கும் இந்தப் புத்தகத்தில் இடமிருக்கிறது.