வேகத்தைக் கோட்டுக்குள் இறக்கும் சுழற்சி

டென்னிஸில் டாப்ஸ்பின் எனப்படுவது, பந்தின் மேற்பகுதி அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிப் புரண்டபடி காற்றைக் கடக்கும் சுழற்சியாகும். ஃபோர்ஹேண்டில், அதாவது மட்டையைப் பிடித்த கையின் பக்கமாக வரும் பந்தை உள்ளங்கை முன்னோக்கி இருக்க அடிக்கும் அடியில், இந்தச் சுழற்சியைக் கற்கத் தொடங்குவோரில் பெரும்பாலோரும், கற்பிப்போரில் கணிசமானோரும், இதைப் பாதுகாப்புக்கான ஓர் ஏற்பாடாகவே கருதி, பந்தை அடிப்பதைக் குறைத்து அதன்மேல் மட்டையைத் தேய்ப்பதைக் கூட்டிவிடுகிறார்கள். அதன் விளைவாகப் பந்து நன்றாகச் சுழன்றாலும், எதிர்ப்பக்கக் களத்தின் நடுவே உள்ள சர்வீஸ் கோட்டுக்கு முன்பாகவே விழுந்து, எதிராளிக்கு வசதியான உயரத்தில் நிதானமாக எழுந்து, அடி வாங்கத் தோதாகிவிடுகிறது. உண்மையில், மட்டையை முழு வேகத்தில் வீசிய பிறகும் பந்து களத்துக்குள்ளேயே விழும் என்ற துணிவை ஆட்டக்காரருக்குத் தருவதுதான் டாப்ஸ்பின்னின் பணி. வேகம் இல்லாத இடத்தில் அதற்குச் செய்வதற்கு அதிக வேலை இல்லை.

இதற்கான காரணத்தை ஆடுகளத்தின் அளவுகளே சொல்லிவிடுகின்றன. களத்தின் நீளம் 23.77 மீட்டர், வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், கம்பங்களின் அருகே 1.07 மீட்டர். ஒருவர் பேஸ்லைன் எனப்படும் பின்கோட்டில் நின்று, ஒரு மீட்டர் உயரத்தில் பந்தைச் சந்தித்து, சுழற்சி ஏதுமின்றி மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் அடிப்பதாகக் கொண்டு, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் புவியீர்ப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வலையின் நடுப்பகுதியைத் தாண்டி எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்குள் விழும் பந்து மட்டையை விட்டு ஏறத்தாழ 3.5 பாகைக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட கோணத்தில் கிளம்பியாக வேண்டும். பிழைக்கு இருக்கும் இடம் ஒன்றரைப் பாகைதான். வேகத்தை 144 கிலோமீட்டராக உயர்த்தினால் அந்த இடமும் இல்லாமல் போய், வலையைத் தாண்டும் பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே விழுகிறது. காற்றின் தடை பந்தை மெதுவாக்கி இந்த நெருக்கடியைச் சற்றுத் தளர்த்துவது உண்மையே. ஆயினும் ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே அடிப்பவருக்கு அந்தத் தளர்வு போதாது. பந்தைக் கீழே இழுக்க ஈர்ப்பைத் தவிர இன்னொரு விசை தேவைப்படுகிறது.

அந்த விசையைச் சுழற்சி உண்டாக்குகிறது. முன்னோக்கிப் புரளும் பந்தின் மேற்பரப்பு எதிரே வரும் காற்றை எதிர்த்தும், கீழ்ப்பரப்பு காற்றோடு சேர்ந்தும் நகர்வதால், பந்தைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம் மேற்புறத்தில் முன்னதாகவே பிரிந்து, பந்துக்குப் பின்னால் மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. காற்று மேலே தள்ளப்படுவதற்கு எதிர்வினையாகப் பந்து கீழே தள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் மாக்னஸின் பெயரால் இது மாக்னஸ் விளைவு எனப்படுகிறது. ஆனால் அவருக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே, 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், சாய்ந்த மட்டையால் அடிக்கப்பட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் அடிக்கடி கண்டதாக நியூட்டன் குறிப்பிட்டிருக்கிறார். இவ்வாறு வளைந்து இறங்கும் பந்து செங்குத்தான கோணத்தில் தரையைத் தொடுவதால், எழும்போதும் உயரமாக எழுகிறது. பாதுகாப்பாகத் தொடங்கிய அடி எதிராளிக்குத் தொல்லையாக முடிவது இதனால்தான்.

கற்பவர்கள் அடுத்துப் புரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலும் பேசப்படாத ஒரு சிக்கல். எதிராளி அடித்த பந்து தரையில் பட்டு எழும்போது, தரையின் உராய்வினால் அது முன்னோக்கிப் புரண்டுகொண்டேதான் வருகிறது. அதை மேலிருந்து கீழாக வெட்டி, ஸ்லைஸ் எனப்படும் பின்சுழற்சியோடு திருப்பி அனுப்புபவர், பந்து ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் திசையையே தொடரவிடுகிறார். டாப்ஸ்பின்னோடு திருப்புபவரோ, வருகின்ற சுழற்சியை நிறுத்தி, அதற்கு நேர் எதிர்த்திசையில் பந்தைச் சுழலச் செய்தாக வேண்டும். இவ்வளவும் நடந்து முடிய, பந்து மட்டையின் நரம்புகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு அல்லது ஐந்து மில்லி நொடிகளே கிடைக்கின்றன. பந்து பட்டதைக் கை உணர்ந்து, மூளை அறிந்து, மீண்டும் கைக்குக் கட்டளை வந்து சேர இதைப் போலப் பல மடங்கு நேரமாகும் என்பதால், பந்து மட்டையில் இருக்கும்போது மணிக்கட்டை அதன்மேல் புரட்டிச் சுழற்சியைக் கொடுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, சொல்பவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், உடலால் செய்ய இயலாத ஒன்றையே கேட்கிறது. சுழற்சி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை, பந்தைத் தொடும் கணத்தில் மட்டை செல்லும் பாதையின் ஏற்றம், அதன் வேகம், மட்டை முகத்தின் சாய்வு ஆகிய மூன்றுமே. இவை மூன்றும் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்ட் இதற்குத் தலைசிறந்த சான்று. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் யாண்டெல் அதிவேகக் கேமராவால் எடுத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, பீட் சாம்ப்ராஸ், ஆந்த்ரே அகாஸி ஆகியோரின் ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்கு 1,800 முதல் 1,900 சுற்றுகளும், ரோஜர் ஃபெடரரின் அடி ஏறத்தாழ 2,700 சுற்றுகளும் சுழன்றன. நடாலின் சராசரி 3,200ஆகவும் உச்சம் 4,900ஆகவும் இருந்தது. சராசரி அடியிலேயே பந்து நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் சுழன்றிருக்கிறது. இடக்கையால் ஆடும் நடால் களத்தின் குறுக்காக அனுப்பும் இந்தப் பந்து, வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கத்தில், அதாவது மட்டை பிடிக்காத கையின் பக்கத்தில், தோளுக்கு மேலே எழும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடும் ஃபெடரருக்கு அந்த உயரம் எவ்வளவு இடையூறாக இருந்தது என்பதை, களிமண் களத்தில் இருவரும் மோதிய 16 ஆட்டங்களில் 14இல் நடால் வென்ற கணக்கு காட்டுகிறது. பாரிஸில் அவர் வென்ற 14 பிரெஞ்சு ஓபன் பட்டங்களுக்கு இந்த ஓர் அடியே போதுமான விளக்கமல்ல. அவருடைய கால்களும் பொறுமையும் இல்லாமல் அவற்றில் பாதிகூட வந்திருக்காது. ஆனாலும் அந்த வெற்றிகளின் அச்சாணி இந்த ஃபோர்ஹேண்ட்தான்.

வருந்தத்தக்க வகையில், இளம் ஆட்டக்காரர்கள் நடாலிடமிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தவறான பகுதியையே. அடித்து முடித்தபின் மட்டை தலைக்கு மேலே சுழன்று நிற்கும் அவருடைய முடிப்பு கண்ணைக் கவர்வதால், அதை முதலில் பழகுகிறார்கள். அந்த முடிப்போ, மட்டை அதற்கு முன் எவ்வளவு செங்குத்தாகவும் வேகமாகவும் ஏறியது என்பதன் விளைவே தவிர, சுழற்சிக்குக் காரணமல்ல. பந்து அப்போது மட்டையை விட்டுப் போய் நெடுநேரமாகிவிடுகிறது. பழக வேண்டியது தொடுவதற்கு முந்தைய பகுதி.

அந்தப் பகுதி காலிலிருந்து தொடங்குகிறது. எதிராளியின் அடி ஃபோர்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடன், கையை மட்டும் பின்னால் கொண்டுபோகாமல், இடுப்பும் தோள்களும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மட்டை பிடிக்காத கை அதன் கழுத்தை விடாமல் தாங்கியபடி வந்து, பின்னர் உடலுக்குக் குறுக்கே நீண்டால், தோள்கள் உண்மையிலேயே திரும்பியிருக்கின்றன என்று பொருள். முழங்கால்கள் மடிய, வலக்கை ஆட்டக்காரராயின் வலக்காலில் எடை இறங்கி, அந்தக் கால் தரையை உதைக்கும் விசை இடுப்பைச் சுழற்றி, இடுப்பு மார்பையும், மார்பு தோளையும், தோள் கையையும் வரிசையாக இழுத்துவர, மட்டைத் தலை எல்லாவற்றுக்கும் கடைசியாக, கைக்குப் பின்தங்கி வருகிறது. இந்தப் பின்தங்கல் மணிக்கட்டைத் தளர்வாக விட்டால் தானாக நேர்வது. வலிந்து மடக்கினால் விறைப்புதான் மிஞ்சும். தொடுவதற்குச் சற்று முன் மட்டைத் தலை பந்தின் மட்டத்துக்கு ஓர் அடி கீழேயாவது இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 30 பாகை ஏற்றத்தில் முன்னோக்கியும் மேல்நோக்கியும் அது செல்ல, மேற்கை உட்புறமாகத் திரும்பி மட்டைத் தலைக்குக் கடைசி வேகத்தைச் சேர்க்கிறது. மட்டை முகம் அப்போது ஏறக்குறைய நிமிர்ந்தோ, சில பாகைகள் மட்டும் தரையை நோக்கிச் சாய்ந்தோ இருக்க வேண்டும். தொடும் இடம் உடலுக்கு முன்னால், கை நெருக்கடியின்றி நீளும் தொலைவில் அமைய வேண்டும். அந்தத் தொலைவைக் கையால் சரிசெய்ய முடியாது, சிறு சிறு அடிகளாகக் கால்களை நகர்த்தித்தான் பெற வேண்டும்.

பிடிமுறையில் மிகைக்கு இடம் கொடுப்பது இன்னொரு பரவலான பிழை. மட்டையின் கைப்பிடியில் எட்டுப் பட்டைகள் உள்ளன. மட்டையை நிமிர்த்திப் பிடிக்கும்போது மேலே இருப்பதை முதற்பட்டையாகக் கொண்டு வலப்புறமாக எண்ணினால், வலக்கை ஆட்டக்காரரின் ஆள்காட்டி விரலின் அடிக்கணு மூன்றாம் பட்டையில் பதிவது ஈஸ்டர்ன் பிடி, நான்காம் பட்டையில் பதிவது செமி வெஸ்டர்ன், ஐந்தில் பதிவது வெஸ்டர்ன். எண் கூடக் கூட உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் செல்வதால், உயரமான பந்துகள் எளிதாகின்றன, தாழ்ந்தவை கடினமாகின்றன. இகா ஷ்வியான்டெக் வெஸ்டர்ன் பிடியின் ஆற்றலுக்கு நல்ல எடுத்துக்காட்டு: 2020, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சு ஓபனை வென்ற அவருக்கு, பந்து தாழ்ந்து வழுக்கி வரும் விம்பிள்டன் புல்தரையில் பட்டம் வெல்ல 2025வரை ஆயிற்று. இதற்கு மாறாக, அதிகச் சுழற்சிக்குப் பெயர்போன நடால் பிடித்தது நடுத்தரமான செமி வெஸ்டர்ன் பிடியையே. பெரும்பாலான கற்போருக்கும் அதுவே ஏற்றது.

நரம்புகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த அலசல் நிறைவுபெறாது. ஜெர்மானியரான வெர்னர் ஃபிஷர் உருவாக்கி, 1977இல் போட்டிகளில் பயன்பட்ட இரட்டை அடுக்கு நரம்பமைப்பு, பின்னப்படாத நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் பெரிதும் நகர்ந்து திரும்பியதால் பந்துக்கு அளவுகடந்த சுழற்சியைக் கொடுத்தது. அந்த நரம்பமைப்பு கொண்ட மட்டையோடு ஆடிய இலி நஸ்டாஸே, களிமண்ணில் நீண்ட வெற்றித்தொடரில் இருந்த கியெர்மோ விலாஸை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இறுதியாட்டத்திலிருந்து விலகச் செய்ததையடுத்து, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அதற்குத் தடை விதித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1997இல், பிரேசிலின் குஸ்தாவோ குயெர்டன் பாலியெஸ்டர் நரம்புகளோடு பிரெஞ்சு ஓபனை வென்றார். வழுவழுப்பான இந்த நரம்புகளும் பந்து படும்போது பக்கவாட்டில் சரிந்து, பந்து விடுபடும் முன்பே மீண்டு, கூடுதல் சுழற்சியைத் தருகின்றன என்பது பின்னர் ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆனால் அவை மட்டையின் வேகத்துக்குக் கிடைக்கும் கூலியே ஒழிய, அதற்கு ஈடல்ல. பியோர்ன் போர்க் மரமட்டையைக் கொண்டே டாப்ஸ்பின்னால் ஆறு முறை பாரிஸில் வென்றிருக்கிறார். விறைப்பான பாலியெஸ்டர் முழங்கையை வருத்தும் என்பதால், வேகம் இன்னும் வராத சிறுவர்களின் மட்டையில் அதைக் கட்டுவது நன்மையற்ற ஆபத்து.

சிறுவர்களின் பிழைகளுக்குப் பந்தும் ஒரு காரணம். பெரியவர்களுக்கான பந்து எட்டு வயதுக் குழந்தையின் தலையளவுக்கு எழும்போது, குழந்தை அதைச் சமாளிக்கத் தானாகவே மிகை வெஸ்டர்ன் பிடிக்குப் போய், பிறகு அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவாகச் சென்று தாழ்வாக எழும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என 2012 முதல் நடைமுறைக்கு வந்த விதி இந்த வகையில் பெரிதும் பாராட்டத்தக்கது. பயிற்சிக் களங்களும் அதைத் தயக்கமின்றிப் பின்பற்ற வேண்டும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, வலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதற்கும் மேலே சென்று, சர்வீஸ் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடையிலுள்ள 5.48 மீட்டருக்குள் விழுமாறு அடிக்கப் பழகுவதே மிகப் பயனுள்ளது. மேலே கண்ட கணக்கின்படி, 108 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்சியின்றிச் செல்லும் பந்து வலையின் நடுப்பகுதியை 35 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து கடந்தாலே வெளியே விழும் என்பதால், அதே வேகத்தில் கயிற்றைத் தாண்டியும் உள்ளே விழும் பந்து சுழன்றே ஆக வேண்டும். முதலில் கையால் போடப்படும் பந்துகளோடும், பிறகு எதிரிலிருந்து மெதுவாக வருபவற்றோடும், கடைசியாக ஓட வைக்கும் பந்துகளோடும் இதைத் தொடரலாம். கயிற்றைத் தாண்டிய பந்து சர்வீஸ் கோட்டுக்கு முன்பே விழுந்தால், மட்டை மேலே மட்டும் போய் முன்னே போகவில்லை. உடனே வீச்சின் வேகத்தைக் கூட்ட வேண்டுமே அன்றி, பந்தைத் தள்ளக் கூடாது. பின்கோட்டைத் தாண்டி விழுந்தால், பெரும்பாலும் தொட்ட கணம் தாமதமாகி மட்டை முகம் வானத்தை நோக்கித் திறந்திருக்கும். அதற்கு மருந்து மணிக்கட்டில் இல்லை, தோள்களை இன்னும் முன்னதாகத் திருப்புவதில் இருக்கிறது. கயிற்றுக்குக் கீழே போய் வலையில் சிக்கினால், மட்டைத் தலை பந்துக்குக் கீழே இறங்கவில்லை என்றோ, முழங்கால்கள் மடியவில்லை என்றோ கொள்ளலாம். இவற்றுள் முழங்கால்களையே முதலில் கவனிக்க வேண்டும்.